பொருள் தேடும் பருவம்



சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழரிடம், "எதன் பொருட்டு இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் திருவனந்தபுரத்திலும் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே: "பிழைப்புக்காக வந்தோம்." பிழைப்பு என்பது ஆழமான சொல். பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். வாழ்க்கை நடத்துதல் என்றும் பொருள். தவறிப் போதல் என்றும் ஒரு பொருள் உண்டு. உயிர் தப்புவதற்காக வந்த நாம், வாழ்க்கை நடத்துகிறோமா, அல்லது வாழ்க்கையைத் தவறவிடுகிறோமா? இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

பொருளை இகழ்வது நமது நோக்கமன்று. பொருளை இகழ்ந்து பேசுவது, பெரும்பாலும் அது போதிய அளவு உள்ளவர்க்கே எளிதாகும். வள்ளுவர் தம் நூலின் 133 அதிகாரங்களில் அறத்துக்கு 38, இன்பத்துக்கு 25 வகுத்து, பொருளுக்கு 70 அதிகாரம் ஒதுக்கினார். அரசும் அமைச்சும் நட்பும் பொருட்பாலில் அடங்கும் என்பது உண்மை. ஆயினும் பொருளை அவர் நிறுத்திய இடத்தைக் கவனிக்க வேண்டும். முன்னே அறம், பின்னே இன்பம், இடையிலே பொருள். அறத்தின் வழியே வந்து, இன்பத்தை நோக்கிச் செல்லவேண்டியது அது. நடுவழியிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியை எண்ணுவதற்கு ஏற்ற இடம் திருவனந்தபுரத்து ஆரியசாலை. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலத்தை நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெருவை மலையாளத்தார் சாலைக் கம்போளம் என்பர். அந்தத் தெருவை ஒட்டியதே ஆரியசாலை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய காலத்தில், திவான் ராஜா கேசவதாசர் இக்கடைத்தெருவை உருவாக்கினார். தலைநகர் என்றால் அரிசி வேண்டும். பருப்பும் புளியும் வேண்டும். துணியும் பாத்திரமும் வேண்டும். கோயிலுக்குப் பூ வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் செங்கோட்டைப் பக்கத்திலிருந்தும் தமிழ் வணிகர் வந்து கடை வைத்தனர். தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் விலை பேசித் தமிழில் கணக்கெழுதி வாழ்ந்தனர். ஆரியசாலைத் தமிழரின் வரலாறு, பொருள் தேடி வந்தோர் அனைவரின் வரலாறுமாகும்.

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. பழந்தமிழர் அதற்குப் 'பொருள்வயிற் பிரிவு' என்றே பெயரிட்டு, அகப்பாடல்களில் ஒரு தனித் துறையாக வளர்த்தனர். பாலைத் திணையின் தலைவன் பொருளுக்குப் புறப்படும் முன்பும், காட்டு வழியின் இடையிலும் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். போகச் சொல்வதும் நெஞ்சே. திரும்பச் சொல்வதும் நெஞ்சே. முல்லைத் திணையின் தலைவியோ கார்காலத்தின் முதல் மழையை எதிர்நோக்கி இருக்கிறாள். அவன் வருவதாகச் சொல்லிச் சென்ற பருவம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இந்த வழக்கை மன்றுக்குக் கொண்டுவந்துவிட்டனர்.

அது மட்டுமன்று, அதற்குத் தவணையும் விதித்தனர். தொல்காப்பியத்தின் கற்பியல், கல்வியின் பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது என்கிறது. வேந்தனின் பணிக்காகப் பிரிவது ஓராண்டுக்குள் முடிதல் வேண்டும். ஏனைய பிரிவுகளும் அவ்வாறே என்கிறது. பொருளுக்காகப் பிரிவது அந்த ஏனையவற்றுள் அடங்கும். ஆக, கற்பதற்கு மூன்று ஆண்டு. ஈட்டுவதற்கு ஓர் ஆண்டு! நம் முன்னோர் எதற்கு நெடிய காலம் கொடுத்தார்கள், எதற்குக் குறுகிய காலம் கொடுத்தார்கள் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகிறது.

இக்காலத்தில் ஓராண்டில் பொருளீட்டித் திரும்ப எவராலும் இயலாது. அந்த விதியை அப்படியே கைக்கொள்ளவும் வேண்டியதில்லை. விதியின் உள்ளே இருக்கும் கருத்தே நமக்கு வேண்டியது. ஈட்டுதலுக்கு ஒரு பருவம் உண்டு. அதற்கு ஒரு கரை உண்டு. புறப்படும்போதே அந்தக் கரையைச் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும் என்பதே அக்கருத்து. நாம் புறப்பட்டபோது கரையைச் சொன்னோம். பின்னர் மறந்துவிட்டோம்.

மறதி எப்படி வந்தது என்று பார்ப்போம். "மூன்று ஆண்டு உழைத்து ஒரு தொகை சேர்த்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறேன்" என்று சொல்லி வந்தவர் எத்தனையோ பேர். தொகை சேர்ந்தது. தங்கைக்குத் திருமணம் வந்தது. தொகை மீண்டும் சேர்ந்தது. ஊரில் வீடு கட்டினோம். வீட்டில் குடியிருக்க ஆளில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறோம். இங்கே குடியிருக்கும் வாடகை வீட்டிலோ, சுவரில் படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும் மனம் வருவதில்லை. "எப்படியும் போய்விடப் போகிறோம்" என்ற எண்ணம். ஒரு துளசிச் செடி வைப்பதில்லை. அண்டை வீட்டார் பெயரை அறிவதில்லை. உள்ளூர் மொழியில் விலை பேசக் கற்றோமேயன்றி நலம் விசாரிக்கக் கற்கவில்லை. இருக்கும் வீட்டில் வாழவில்லை. வாழ நினைக்கும் வீட்டில் இருக்கவில்லை. வாழ்க்கையை வட்டிக்கு விட்டிருக்கிறோம். முதலும் வட்டியுமாக ஒருநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கிறோம்.

அந்த ஒருநாள் வருமா? வந்தாலும் நாம் விட்டுவந்த ஊர் அங்கே இருக்குமா? இதற்கும் ஆரியசாலை ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையும் சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரமாயிற்று. நேற்றுவரை தம் மாநிலத்தின் தலைநகரில் கடை நடத்திய நாஞ்சில் நாட்டார், இருந்த இடத்திலிருந்து ஓர் அடியும் பெயராமலே, பிற மாநிலத் தமிழர் ஆயினர். ஊர் என்பது நாம் திரும்பும் வரை நமக்காக அசையாமல் காத்திருக்கும் பொருளன்று. எல்லைகள் மாறுகின்றன, மனிதர் மறைகின்றனர், வயது ஏறுகிறது.

வயதைப் பற்றிப் பேசும்போது, திருவனந்தபுரத்தில் மறைந்த இரு பெருமக்களை நினைவுகூர்வது பொருந்தும். இருவரும் மறைந்தது தம் 42-ஆம் வயதில்.

முதலாமவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியதுபோலவே ஆலப்புழையைத் துறைமுக நகரமாக வளர்த்தார். அந்த ஆலப்புழையில், குடியேறிய தமிழ் வணிகர் குடும்பம் ஒன்றில் 1855-இல் சுந்தரம் பிள்ளை பிறந்தார். கல்வியிற் சிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். இடையே திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் பிறவகை சிரஸ்தார் என்னும் உயர்ந்த பதவி கிடைத்தது. சில ஆண்டுகள் அதை வகித்துவிட்டு மீண்டும் தத்துவப் பேராசிரியராகவே திரும்பிவிட்டார். அதிகாரமும் வருவாயும் உள்ள நாற்காலியை விட்டு மாணவர் முன் நிற்பதற்கு ஒருவர் திரும்பி வருகிறார் என்றால், தம் கரை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே பொருள். 1885-இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்ற முன்னின்றார். திருவிதாங்கூரின் பண்டைக் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்தார். 1891-இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். 1897-இல் மறைந்தார். அந்நாடகத்தின் வாழ்த்துப் பாடலையே தமிழக அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒலிக்கும் அப்பாடல், ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு வணிகர் மகன் இயற்றியது. பிற மாநிலத்தில் வாழ்வோர் தமிழுக்கு என்ன செய்துவிட முடியும் என்று சோர்பவர்கள் இதை நினைவிற் கொள்ளலாம்.

இரண்டாமவர் புதுமைப்பித்தன். 1906-இல் பிறந்த சொ. விருத்தாசலம், ஏறத்தாழ நூறு சிறுகதைகளால் தமிழ் உரைநடையின் போக்கையே மாற்றியவர். அவர் வாழ்ந்த காலத்தில் எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. பத்திரிகை அலுவலகங்களில் உழைத்தார். பின்பு பொருளை நாடித் திரைப்படத் துறைக்குச் சென்றார். கதை வசனம் எழுதினார், சொந்தமாகப் படம் எடுக்கவும் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. 'ராஜமுக்தி' என்னும் படத்துக்காகப் புனேயில் தங்கியிருந்தபோது காசநோய் முற்றியது. மனைவியின் ஊரான திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். 1948 ஜூன் 30-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. 'பொருள் எதற்கு, மனநிறைவு இருந்தால் போதாதா' என்று எளிதாகச் சொல்வோர் இந்த மரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போதிய பொருள் இல்லாமை, மேதையையும் வீழ்த்தும். பொருளுக்குக் கரை வேண்டும் என்று சொல்லும் நாம், அந்தக் கரையைத் தொடும் அளவுக்கேனும் பொருள் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இவ்விருவருள் ஒருவர்க்குப் போதிய வருவாய் இருந்தது, மற்றவர்க்கு இல்லை. ஆனால் "அறுபது வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருவருமே தம் பணியை ஒத்திவைக்கவில்லை. ஒத்திவைத்திருந்தால் நமக்கு மனோன்மணீயமும் இல்லை. புதுமைப்பித்தன் கதைகளும் இல்லை.

"அவர்கள் பேராசிரியர், எழுத்தாளர், நாமோ கடைக்காரர், கணக்கர், தொழிலாளர், விடியலில் கதவு திறந்தால் இரவில்தான் மூடுகிறோம்" என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் சாலைக் கடைத்தெருவுக்கே திரும்பி வருவோம். அங்கே பல்லாண்டுகள் பாத்திரக்கடை நடத்தியவர் ஆ. மாதவன். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 1934-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த மாதவன் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தாமே முயன்று, இதழ்களையும் நூல்களையும் தேடிப் படித்துக் கற்றார். பகலெல்லாம் குடமும் அண்டாவும் எடை போட்டு விற்றார்; எழுதவும் செய்தார். 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப்பருந்து', 'தூவானம்' என்ற நாவல்களும் பல சிறுகதைகளும் அவர் கையிலிருந்து வந்தன. மலையாளத்திலிருந்து சிறந்த நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது, அவரது 'இலக்கியச் சுவடுகள்' என்ற நூலுக்கு அளிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் காலமானார்.

அவருடைய கதைத் தொகுதி ஒன்றின் பெயர் 'கடைத்தெருக் கதைகள்'. பெயரிலேயே நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அவர் எழுதுவதற்காகக் கடையை விட்டு ஓடவில்லை; கடைக்காக எழுத்தை விடவும் இல்லை. கடைவாசலில் சுமை தூக்கியவர்களையும், தெருவோரத்தில் உறங்கியவர்களையும், சில்லறைத் திருட்டில் பிழைத்தவர்களையும், வந்து போன வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கடைக்காரரும் அதே தெருவில்தான் இருந்தார். அதே மனிதர்களைத்தான் நாள்தோறும் கண்டார். கல்லாப்பெட்டியின் முன்னே அமர்ந்திருக்கும் ஒருவர், வருபவரின் மடியை மட்டும் பார்க்கலாம், முகத்தையும் பார்க்கலாம். மடியைப் பார்த்தால் விற்பனை நடக்கும். முகத்தையும் பார்த்தால் விற்பனையோடு வாழ்க்கையும் நடக்கும். உழைப்பு ஓரிடத்திலும் வாழ்வு வேறோரிடத்திலும் இருப்பதாக நாம் கற்பித்துக்கொண்ட பிரிவினையை அந்தப் பாத்திரக்கடை பொய்யாக்கிற்று.

எல்லோரும் கதை எழுத வேண்டும் என்பதில்லை. ஒருவர்க்குத் திருப்புகழ் பாடுவது நிறைவு. ஒருவர்க்குக் கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுவது. ஒருவர்க்கு மாலையில் நண்பருடன் சதுரங்கம். ஒருவர்க்கு மொட்டை மாடியில் நான்கு கத்தரிச் செடி. பயன் கருதாமல் செய்யும் பணி ஒன்றேனும் நாள்தோறும் ஒருவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இருந்தால் அவர் செல்வர். இல்லையென்றால், வங்கிக் கணக்கு எவ்வளவு பெருத்திருந்தாலும் அவர் வேலையாள். தமக்குத் தாமே வேலையாள்.

இந்த இடத்தில் நேரத்தைப் பற்றிய கணக்கு ஒன்றையும் பார்க்க வேண்டும். 1930-இல் இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் கெயின்ஸ், நூறாண்டு கழித்து மக்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்ற நிலை வரும் என்று எதிர்பார்த்தார். செல்வம் பெருகும் என்று அவர் கணித்தது பெருமளவு பலித்தது. உழைக்கும் நேரம் குறையும் என்றது பலிக்கவில்லை. காரணம் வெளிப்படை. வருவாய் வளர வளர, 'போதும்' என்ற சொல்லின் எல்லையும் விலகிக்கொண்டே போயிற்று. தொடுவானத்தை நோக்கி நடப்பவர் எவ்வளவு விரைந்தாலும் தொடுவானம் அதே தொலைவில்தான் இருக்கும்.

உழைக்கும் நேரத்துக்குச் சட்டம் கரை கட்டியதுண்டு. தானாக வந்ததன்று அது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய காலத்திலிருந்து தொழிலாளர் போராடிப் பெற்றது. கேரளத்தில் 1960-ஆம் ஆண்டின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், கடை ஊழியர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று வகுத்தது. துணிக்கடைகளில் பகல் முழுதும் நின்றே பணிபுரிந்த பெண்கள் போராடியதன் பயனாக, ஊழியர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே பொருளாசையின் இயல்பை நமக்குக் காட்டிவிடுகிறது.

கடை வைத்திருக்கும் நம்மவர் இதில் இரண்டு செய்திகளைக் காணலாம். நம் கடையில் வேலை செய்பவரும் நம்மைப்போலவே ஊரை விட்டு வந்தவர். இன்று கேரளத்துக்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். நம் பாட்டன்மார் மூட்டையோடு வந்து இறங்கிய நிலையில்தான் அவர்களும் வந்து இறங்குகின்றனர். நமது மனநிறைவு அவர்களுடைய கால்வலியின்மேல் கட்டப்படலாகாது. மற்றொன்று: சட்டம் ஊழியரின் நேரத்தைக் காக்கிறது, முதலாளியின் நேரத்தைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. சிறு கடைக்காரர் தாமே தம்மை வருத்திக்கொண்டால் கேட்பாரில்லை. கடையை மூடி வீட்டுக்கு வந்தாலும் கைபேசி மூடுவதில்லை. சோற்றில் கை வைத்தபடியே சரக்கின் விலை பேசுகிறோம். ஆகவே அந்தக் கரையை நமக்கு நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடன்பட்டவர்க்கும் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்க்கும் இது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் நியாயமானது. வட்டி கட்ட வேண்டியவரிடம் போய் 'மாலையில் இசை கேளுங்கள்' என்பது கொடுமை. அவர்க்கு முதல் தேவை கடன் தீர்வதே. ஆனால் அங்கும் ஒன்று சொல்லலாம். கடன் எதனால் வந்தது? மருத்துவத்துக்கும் கல்விக்கும் வந்த கடன் உண்டு. அதைப்பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. ஊர் மெச்ச நடத்திய திருமணத்தாலும், குடியிருக்காத வீட்டின் இரண்டாம் மாடியாலும் வந்த கடனும் உண்டு. முன்னதை விதி என்னலாம். பின்னதை அப்படிச் சொல்ல இயலாது. வெளியூரில் நாம் வெற்றி பெற்றுவிட்டோம் என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே வெளியூரில் மேலும் பத்தாண்டு உழைக்கிறோம். எவர் கண்ணுக்காக உழைக்கிறோமோ, அவர்கள் திருவிழாவுக்கு ஒருநாள் பார்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இனி, மிக முக்கியமான இழப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருளை மிகுதியாகத் தேடியதால் நாம் இழப்பது நமது ஓய்வை மட்டுமன்று. பெரும்பாலும் குழந்தைகளின் தமிழையும் இழக்கிறோம். பள்ளியில் ஒரு மொழி. தெருவில் ஒரு மொழி. தமிழ் வாழக்கூடிய இடம் வீடு ஒன்றுதான். அந்த வீட்டில் தந்தை இருக்கும் நேரமெல்லாம் குழந்தை உறங்கும் நேரமாக இருந்தால், தமிழ் எப்படிச் செல்லும்? குழந்தைக்காகத்தான் உழைக்கிறோம் என்கிறோம். அந்தக் குழந்தைக்குப் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. ஊரிலிருந்து பேசும் பாட்டிக்கு, "நல்லா இருக்கேன்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் மறுமொழி சொல்லத் தெரியவில்லை. நாம் சேர்த்து வைத்த பொருள் அந்தக் குழந்தைக்குச் செல்லும். அந்தப் பொருளைச் சேர்த்தவர் யார் என்ற கதை செல்லாது. மாதவன் மலையாளப் பள்ளியில் படித்தும் தமிழைத் தேடிக் கற்றார். எல்லாக் குழந்தைகளிடமும் அந்த வைராக்கியத்தை எதிர்பார்ப்பது முறையாகாது. கொடுக்க வேண்டியது நம் கடமை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். டில்லியில் குடியேறிய தென்னாட்டார் 1923-இலேயே தம் பிள்ளைகளுக்காகக் கல்விச் சங்கம் ஒன்றைக் கண்டனர். அது இன்று தமிழ்க் கல்விக் கழகமாகப் பல பள்ளிகளை நடத்துகிறது. மும்பையில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. 1946-இல் டில்லியிலும் 1950-இல் பெங்களூரிலும் தமிழ்ச் சங்கங்கள் எழுந்தன. திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சங்கம் உருவாக உழைத்தவர்களுள் பாத்திரக்கடை மாதவனும் ஒருவர். இவற்றை எழுப்பியவர் பலர் பெருஞ்செல்வர் அல்லர். அலுவலகத்திலும் கடையிலும் உழைத்து, எஞ்சிய மாலைகளைக் கொடுத்தவர்கள். பொருள் ஊருக்குப் பயன்படும்போதுதான் அதற்குப் பொருள் உண்டாகிறது.

ஆரியசாலையில் ஆண்டுதோறும் நடைபெறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். 1956-க்குப் பிறகு இது மாநில எல்லையைக் கடந்து வரும் பயணமாயிற்று. இரு மாநிலத்தாரும் மரியாதை செய்கின்றனர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முன்னூற்று நங்கை செந்திட்டைக் கோயிலிலும் வீற்றிருக்க, குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில். நவராத்திரி நாட்கள் முழுவதும் அங்கே இருந்து, விழா நிறைவுற்றதும் வந்த வழியே தம் மலைக்குத் திரும்புகிறார். வருவதற்கு ஒரு நாள். திரும்புவதற்கு ஒரு நாள். இருக்கும் நாட்களில் ஆரியசாலையே அவர் ஊர். பூசையும் விழாவும் அங்கேயே நிறைவாக நடைபெறுகின்றன. 'வேளிமலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்' என்று எதுவும் ஒத்திவைக்கப்படுவதில்லை.

அதே நவராத்திரியில்தான் நாம் ஆயுத பூசையும் செய்கிறோம். தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சந்தனம் இட்டுப் பூசையில் வைக்கிறோம். அன்று எடை இல்லை, எழுத்து இல்லை. கருவியைத் தொழுவதன் அடையாளம் கருவிக்கு ஓய்வு கொடுப்பதே என்று அந்த வழக்கம் சொல்கிறது. கருவிக்கு ஆண்டில் ஒருநாள் ஓய்வு தருகிற நாம், அக்கருவியை ஏந்தும் கைக்கு என்ன தருகிறோம்?

வணிகர் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவர். வரவு, செலவு, இருப்பு எல்லாம் அதில் தெரியும். அதுபோல இல்லத்தின் ஐந்தொகையையும் கணவனும் மனைவியும் ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். நம் குடும்பத்துக்கு எவ்வளவு போதும் என்ற தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்து, தாளில் எழுதி வைக்க வேண்டும். மனத்தில் வைத்தால் அது வளர்ந்துவிடும். நாள்தோறும் கடை சாத்தும் நேரம் ஒன்றையும், தொழில் பேசாமல் ஒன்றாக உண்ணும் வேளை ஒன்றையும் குறிக்க வேண்டும். குழந்தைக்கு நாள்தோறும் தமிழில் ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். இருக்கும் ஊரின் மொழியில் அண்டை வீட்டாரிடம் நலம் விசாரிக்க வேண்டும். நம்மிடம் வேலை செய்பவரின் ஊர்ப் பெயரையும் அவர் தாயின் நலனையும் கேட்டறிய வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் செலவாகாது. ஓரிரு மணி நேர வியாபாரம் குறையலாம். அந்தக் குறைவைச் செலவு என்று எழுதாமல், வரவுப் பக்கத்தில் எழுதக் கற்றுக்கொள்வோமாக.

ஊருக்குத் திரும்புவோர் திரும்பட்டும். இங்கேயே நிலைப்போர் நிலைக்கட்டும். இரண்டும் நல்லதே. எங்கே இருக்கப் போகிறோம் என்பது முடிவாகும் வரை வாழாமல் இருப்பதுதான் தீது. மழைக்காலம் வருவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டவர்கள் நாம். நம் வீட்டு வாசலில் எத்தனையோ மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. அடுத்த மழைக்கேனும் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருப்போம்.